அது வழுக்கல். விட்டுக்குடுத்தல் இல்லை. 2025 கட்டார் எஃப் வண் (ஃபோர்முலா வண்) கார் ரேஸ் முடிஞ்சு, டிசம்பர் 7 ஞாயிறு அபுதாபியில கடைசி ரேஸ் வர முதல் எழுதுறன். பட்டத்துக்கு அடிபடுறது மக்லரனின்ர நொரிஸும் பியாஸ்ரியும், ரெட் புல்லின்ர வெர்ஸ்ராப்பனும். மேர்சிடிஸ் ஓட்டுற அன்ரொனெல்லி வேணுமெண்டே நொரிஸுக்கு இடம் விட்டவர் எண்டு ரெட் புல் ஆக்கள் கத்துகினம்.

பேர் சொல்லப் போறதில்லை. கட்டார் ரேஸ் முடிஞ்ச கையோட எங்கட கிளிநொச்சி ரெட் புல் ஆள் ஒருத்தர் அன்ரொனெல்லியின்ர பக்கத்தில போய் வசவு எழுதினவர், ஆர் எண்டு தெரிஞ்சவைக்குத் தெரியும். அன்ரொனெல்லிக்கு வயசு 19. அவருக்குத் தமிழ் விளங்காது எண்ட துணிவில தாயையும் சேர்த்து இழுத்திருக்கிறார் எங்கட வீரர். கீழ மொழிபெயர்க்கிற பொத்தான் ஒண்டு இருக்கு எண்டு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல.

அதை அழிச்சுவிடும் தம்பி எண்டு நான் சொன்னதுக்கு வந்த பதில்: "அண்ணை, நீங்கள் மக்லரன் ஆள்தானே, உங்களுக்கு எங்க நோகப் போகுது?"

நான் ஃபெராரி ஆள். 2007க்குப் பிறகு ஓட்டுநர் பட்டம் இல்லை, 2008க்குப் பிறகு ரீம் பட்டம் இல்லை, இந்த 2025இல இதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பெரிய ரேஸ் ஒண்டிலகூட வெற்றி இல்லை. நோவைப் பற்றி எனக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

விசயத்துக்கு வருவம். கடைசிக்கு முதல் சுற்று. மூண்டாம் இடத்தில வில்லியம்ஸ் காரில சைன்ஸ், நாலாவது அன்ரொனெல்லி, ஐஞ்சாவது நொரிஸ். அன்ரொனெல்லி முன்னுக்குப் போற சைன்ஸைப் பிடிச்சு முதல் மூண்டு பேருக்கான மேடையில ஏறப் பாத்துக்கொண்டிருந்தவர். முன்னுக்கு ஓடுற கார் காத்தைக் கலக்கிப் போட்டுத்தான் போகும். பின்னால ஒட்டி ஓடுறவரின்ர காருக்குச் சுத்தமான காத்து கிடையாது, அதால காரை நிலத்தோட அமத்துற விசை குறையும். லுசைல் ஓடுபாதை முழுக்க வேகமான வளைவுகள், ஒண்டு முடிய மற்றது. விசை குறைஞ்சால் கார் வளைவில கொஞ்சம் கொஞ்சமா வழுக்கும், வழுக்க ரயரின்ர மேல்தோல் சூடாகும், சூடாக இன்னும் வழுக்கும். கடைசியில பின்பக்கம் விலகிச்சுது, அவர் ஸ்ரியறிங்கைத் திருப்பிப் பிடிச்சார், கார் பாதையின்ர விளிம்புக்கு அகலப் போச்சு, நொரிஸ் உள்ளால வந்து போட்டார். அவ்வளவுதான். அது வழுக்கல்.

விட்டுக்குடுக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு தெரியாட்டி, அதுக்கும் வீடியோ கிடக்கு. 2024 ஹங்கேரியில நொரிஸ் பியாஸ்ரிக்கு இடத்தைத் திருப்பிக் குடுத்தவர், நேர்ப்பாதையில காலை எடுத்து. 2002 ஒஸ்ரியாவில பரிக்கெல்லோ சூமாக்கருக்குக் குடுத்தவர், முடிவுக்கோடு கண்ணுக்கு முன்னால தெரியிற இடத்தில. (ஓம், எங்கட ஃபெராரிதான். அண்டைக்குச் சனம் ஊளையிட்டது, ஊளை சரிதான்.) இடம் குடுக்கிறவன் நேர்ப்பாதையில குடுப்பான். தன்ர காரையே சுழட்டி அடிக்கிற மாதிரி வேக வளைவில வழுக்கி ஒருத்தனும் தானம் செய்யிறதில்லை. வட்டக்கச்சி மாட்டுவண்டிச் சவாரியில மாடு தடம் மாறி ஓடினால் வாயில வந்தபடி ஏசுவியள், ஆனால் மாடு காசு வாங்கிப் போட்டுது எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை.

இனி உங்கட கேள்வியள்.

"ரெட் புல் ரேடியோவிலயே சொன்னவை." ஓம், சொன்னவை. வெர்ஸ்ராப்பனின்ர எஞ்சினியர் லம்பியாசே அந்த நேரத்தில சொன்னார், ரேஸ் முடிய, அப்ப ரெட் புல் ஆலோசகரா இருந்த ஹெல்மூட் மார்கோ அதை இன்னும் ஊதினார். அடுத்த நாள் அதே ரெட் புல் அறிக்கை விட்டுது: சொன்னது பிழை, திரும்பப் பாத்தால் அன்ரொனெல்லி கட்டுப்பாட்டை இழந்தது தெரியுது, வந்த வசவுக்கு வருந்துறம் எண்டு. மார்கோவும் இறங்கி வந்திட்டார். எங்கட ஆள் மட்டும் இறங்கேல்லை. மார்கோவை விட ரெட் புல் விசுவாசம் கூடின ஆள் கிளிநொச்சியில இருக்கிறது எங்களுக்குப் பெருமைதான். அன்ரொனெல்லி தன்ர பக்கத்து முகப்படத்தைக் கறுப்பாக்கினது எல்லாரும் பாத்தது. அவருக்குக் கொலை மிரட்டலும் போயிருக்கு. நொரிஸுக்குக் கூடக் கிடைச்ச ரெண்டு புள்ளிக்கு.

"மக்லரனுக்கு எஞ்சின் குடுக்கிறதே மேர்சிடிஸ்தானே, அப்ப ஒண்டுதானே?" இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி எண்டு நீங்கள் நினைக்கிறியள். எஞ்சின் விக்கிறது வியாபாரம். 2025 காருகளில அதே எஞ்சின் வில்லியம்ஸிலயும் கிடந்தது, அஸ்ரன் மார்ட்டினிலயும் கிடந்தது. ரீம் பட்டத்தை மக்லரன் சிங்கப்பூரிலயே முடிச்சிட்டுது. ரெண்டாம் இடத்துக்கு மேர்சிடிஸும் ரெட் புல்லும்தான் அடிபடுகினம், அந்த ரெண்டாம் இடத்தில கிடக்கிற காசு கொஞ்சநஞ்சமில்லை. நாலாவதுக்கு 12 புள்ளி, ஐஞ்சாவதுக்கு 10. தன்ர சட்டைப்பைக்குள்ள இருந்து ரெண்டு புள்ளியை எடுத்து வெளியால எறிய மேர்சிடிஸுக்கு என்ன விசரோ?

ஆனால் ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். அந்த ரெண்டு புள்ளி சின்ன விசயமில்லை. கட்டார் முடியப் புள்ளிக் கணக்கு: நொரிஸ் 408, வெர்ஸ்ராப்பன் 396, பியாஸ்ரி 392. ஞாயிறு அபுதாபியில வெர்ஸ்ராப்பன் வெண்டால் 25 சேர்ந்து 421. நொரிஸ் மூண்டாவது வந்தால் 15 சேர்ந்து 423, பட்டம் அவருக்கு. நாலாவது வந்தால் 420, போச்சு. கட்டாரில நொரிஸ் ஐஞ்சாவதா முடிச்சிருந்தால் அவருக்கு 406தான். அப்ப மூண்டாவது வந்தாலும் ரெண்டு பேரும் 421இல நிப்பினம், கூட வெற்றி வச்சிருக்கிற வெர்ஸ்ராப்பனுக்குத்தான் பட்டம். அதாவது அந்த வழுக்கலால நொரிஸுக்குத் தேவைப்படுற இடம் ரெண்டில இருந்து மூண்டுக்கு இறங்கிச்சுது. வயிறு எரியிறது எனக்கு விளங்குது. எரியட்டும். எரியிற வயிறு சாட்சியாகாது.

உண்மையில ரெட் புல்காரர் கட்டார் முடிய மக்லரன் ரீமுக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்கோணும். 57 சுற்று ரேஸ். ஒரு செற் ரயரில 25 சுற்றுக்கு மேல ஓடக்கூடாது எண்டு அந்தக் கிழமைக்கு விசேட விதி. ஏழாம் சுற்றில ஹுல்கன்பேர்க்கும் காஸ்லியும் முட்டி, சேஃப்ரி கார் வந்துது. 57இல 7 போனால் 50. அம்பது எண்டால் இருபத்தைஞ்சும் இருபத்தைஞ்சும். இதுக்குக் கம்பியூட்டர் தேவையில்லை, ரெண்டாம் வாய்ப்பாடு காணும். சேஃப்ரி காருக்குப் பின்னால எல்லாரும் மெதுவா ஓடேக்க, ரயர் மாத்துற பிற்றுக்குள்ள போய் வாறதால இழக்கிற நேரம் நல்லாக் குறையும். முன்னுக்கு நிண்டவை எல்லாரும் உள்ள போச்சினம், மக்லரன் ரெண்டும் வெளியால நிண்டுது. பிறகு மக்லரன் ரெண்டு தரமும் முழு வேக ரேஸுக்கு நடுவில நிக்கோணும், வெர்ஸ்ராப்பன் ஒருக்கா நிண்டால் போதும். முதலாவதா வெளிக்கிட்ட பியாஸ்ரி அப்பிடித்தான் ரெண்டாவதானவர்.

அதுக்கு முதல் கிழமை லாஸ் வேகாஸில? காருக்கு அடியில இருக்கிற பலகை புதுசில 10 மில்லிமீற்றர், முடியேக்க குறைஞ்சது 9 இருக்கோணும். கார் தாழ ஓடினால் வேகம் கூடும், ஆனால் துள்ளித் துள்ளி நிலத்தில தேயும். மக்லரன் ரெண்டு காரிலயும் 9க்குக் கீழ. ரெண்டும் தகுதி நீக்கம். நொரிஸின்ர ரெண்டாம் இடத்துக்கு வந்த 18 புள்ளி போச்சு, பியாஸ்ரியின்ர 12 போச்சு. இந்த 18ஐப் பற்றி ஆரும் சதி எண்டு கத்தேல்லை. அந்த ரெண்டுக்குத்தான் கத்தல்.

இதையெல்லாம் எழுத, கனடாவில இருந்து ஒரு ஐயா கீழ வந்து சிரிச்சிட்டுப் போறார்: "வன்னியில இருந்துகொண்டு எஃப் வண் கதைக்கினம், ஹாஹா." அவர் வருசா வருசம் மொன்றியலுக்குப் போறவராம், தொப்பியும் வச்சிருக்கிறாராம். நல்லது ஐயா. நீங்கள் நாட்டை விட்டுப் போன காலத்தில இங்க பெற்றோல் தடை. எம்டி 90 மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின சனம் இது. சும்மா ஊத்தினால் ஓடாது. குளிர் எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதால கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, சூடாக்கித்தான் மண்ணெண்ணெய்க்கு மாத்தோணும். அழுத்தம் கூடினால் நொக் அடிக்கும், தலைக்குக் கீழ கஸ்கற்றைத் தடிப்பாக்கி அழுத்தத்தைக் குறைக்கோணும். பிளக்கில கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்கோணும். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதைக் கவனிக்காட்டி பெயாரிங் போகும். நடு றோட்டில எஞ்சின் நிண்டால் முதல் பிளக்கைக் கழற்றிப் பாத்த சனம். ஆரோ காசு வாங்கிப் போட்டான் எண்டு கத்திக்கொண்டு நிண்ட சனம் இல்லை. எங்களுக்கு எஃப் வண் விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?

அதாலதான் கோபம் வருது. வெளியில இருந்து சிரிக்கிறவனுக்கு எங்கட ஆளே சிரிக்கக் காரணம் குடுத்திட்டார். இனி ஆர் என்ன கணக்குப் போட்டுக் கதைச்சாலும் "அந்தக் கிளிநொச்சிக் கூட்டம்தானே" எண்டுதான் வரும். ரெட் புல்லுக்கும் மக்லரனுக்கும் அடிபடுங்கோ, விடிய விடிய அடிபடுங்கோ, வெர்ஸ்ராப்பன்ர இந்த வருசத்து ஓட்டத்தைப் பாத்து நானே எழும்பி நிண்டனான். ஆனால் வழுக்கினவனைக் கள்ளன் எண்டாதேங்கோ.

இன்னொரு கூட்டம்: "புயலில ஊரே தாண்டு கிடக்கு, உங்களுக்கு ரேஸ் கேக்குதோ?" இதுக்கு நான் நீளப் பதில் சொல்லக் கூடாது எண்டுதான் நினைச்சனான். ரேஸ் கதைக்கிற இதே பெடியள்தான் இந்தக் கிழமை முழுக்கக் கராஜுகளில குந்தியிருந்து வெள்ளத்தில தாண்ட மோட்டச்சைக்கிளுகளைக் காசு வாங்காமல் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கினம். கேட்டவை அதையாவது உதவியாச் சொல்லுங்கோ: தண்ணிக்குள்ள நிண்ட சைக்கிளை உதைக்காதேங்கோ, ஸ்ராட்டரை அமத்தாதேங்கோ. சிலிண்டருக்குள்ள தண்ணி நிண்டால் அது அமுங்காது, கொனெக்ரிங் றொட் வளையும், பிறகு செலவு மூண்டு மடங்கு. முதல் பற்றரி வயரைக் கழற்றுங்கோ. பிளக்கைக் கழற்றிப் போட்டு மெதுவா உதைச்சுத் தண்ணியை வெளியால எடுங்கோ. எயார் பில்ரரை எடுத்துக் காய விடுங்கோ. காபரேற்றர் கிண்ணத்தின்ர அடித் திருகாணியை இளக்கி வடிய விடுங்கோ, ராங்கில தண்ணி இறங்கியிருந்தால் அதையும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தால் மாத்துங்கோ, புது ஒயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, பிறகு திருப்பியும் மாத்துங்கோ, ஒருக்கா மாத்தினால் காணாது. பிரேக் டிறம்முக்குள்ள சேறு நிக்கும், அதைத் திறந்து கழுவாமல் றோட்டுக்கு எடுக்காதேங்கோ. சரியோ? அந்தப் பெடியள் பின்னேரம் கையைக் கழுவிப்போட்டு ரெண்டு மணித்தியாலம் ரேஸ் பாத்தால் ஆருக்கு என்ன குறைஞ்சு போகும்?

ஞாயிறு அபுதாபி ரேஸ் எங்கட நேரம் பின்னேரம் 6.30. கத்த முதல் பாக்க வேண்டியதைச் சொல்லுறன். 2010இல இதே அபுதாபியில, புள்ளியில முன்னுக்கு நிண்ட அலொன்சோவை ஃபெராரி, பட்டத்துக்குப் போட்டி போட்ட வெபருக்குப் பயந்து பிற்றுக்குக் கூப்பிட்டுது, அவர் பெற்றோவ் எண்ட ஓட்டுநருக்குப் பின்னால மாட்டுப்பட்டு ஏழாவதா முடிச்சார், ஆரும் பெரிசாக் கணக்கெடுக்காத வெற்றல் பட்டத்தோட போனார். மக்லரன் பயப்பட வேண்டியது அதுக்குத்தான்: ஒருத்தனைப் பாத்துப் பிற் எடுத்து மற்றவனிட்ட விடுறது. வெர்ஸ்ராப்பன் முன்னுக்கு நிண்டால் 2016இல ஹமில்ரன் ரொஸ்பேர்க்குக்குச் செய்த மாதிரி வேகத்தைக் குறைச்சு, நொரிஸைப் பின்னால வாறவைக்குள்ள தள்ளப் பாக்கலாம். அது விதிக்குள்ள கிடக்கிற விளையாட்டு. அதையும் சதி எண்டு எழுத மக்லரன் பக்கத்தில இப்பவே ஆக்கள் ஆயத்தமா நிப்பினம், அவைக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பியாஸ்ரி வெல்ல, நொரிஸ் ஆறாவதோ அதுக்குக் கீழயோ போனால் 417க்கு 416 எண்டு பட்டம் பியாஸ்ரிக்கு, அதையும் மறக்காதேங்கோ. சொந்த ரீம் ஆளுக்குள்ளயே இந்த இழுபறி கிடக்கேக்க அன்ரொனெல்லியில போய்த் தொங்குறியள்.

அன்ரொனெல்லியின்ர பக்கத்தில எழுதின அந்த வசவு இன்னும் அங்க கிடக்கு, இப்பதான் போய்ப் பாத்தனான். ஞாயிறு 6.30க்கு முதல் அது போகாட்டி, தம்பி, கராஜில உமக்குக் கதிரை இல்லை. நிண்டு பாரும்.