பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்களே, முதலில் கேசட்டுகளைத் தேடுங்கள்

சிறுவயதில் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் இன்றுவரை வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, அமிகா, எதுவாகவும் இருக்கட்டும். வீட்டை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் "இது இன்னும் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். நீங்களும் ஏதோ சொல்லிச் சமாளித்து, துணியில் சுற்றி மறுபடியும் உள்ளே வைத்துவிடுவீர்கள். நானும் உங்கள் கட்சிதான். என்னிடம் இருப்பது கமடோர் 64. அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரைப் பத்திரப்படுத்துகிறார்கள், அதோடு கிடந்த, ப்ரோக்ராம்களைப் பதிந்து வைத்த கேசட்டுகளையும் டிஸ்க்குகளையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இது தலைகீழ். கமடோர் 64 விற்பனைக்கு வந்தது 1982இல். 1994இல் அதைத் தயாரித்த கமடோர் நிறுவனம் திவாலாகும்வரை விற்பனையில் இருந்தது. மொத்தம் எத்தனை விற்றது என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம் உண்டு என்றாலும், 1 கோடிக்கு மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்பெக்ட்ரமும் 50 லட்சத்தைத் தாண்டியது. உங்களுடையது நாளைக்கே எரிந்து போனாலும் அதே மாதிரி இன்னொன்று தேடினால் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் அப்படித்தான். அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் யாரோ ஒரு புண்ணியவான் படியெடுத்து எப்போதோ இணையத்தில் சேர்த்துவிட்டார்.

ஆனால் பத்து பன்னிரண்டு வயதில் நீங்களே உட்கார்ந்து பேசிக் என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோக்ராம்? அது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. லேபிள் உரிந்த, பென்சிலில் ஏதோ கிறுக்கிய ஒரு கேசட்டில். அதை வேறு யாரும் காப்பாற்றப் போவதில்லை.

அந்தக் காந்த நாடா உங்களுக்காகக் காத்திருக்காது. கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு, அதாவது பிளேயரில் நாடாவைப் படிக்கும் பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று உண்டு, அதன் பசை காய்ந்து விழுந்துவிடும். ஈரப்பதம் உள்ள இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளாப்பி டிஸ்க்கில் பூஞ்சை இருந்தால் அது டிரைவின் ஹெட்டையும் கெடுத்து, அடுத்துப் போடும் டிஸ்க்கையும் சுரண்டிவிடும். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கும் முன்னால் கேசட்டைக் கையில் எடுங்கள்.

கமடோர் 64 வைத்திருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த இயந்திரம் ஸேவ் செய்யும்போது ஒவ்வொரு ப்ரோக்ராமையும் நாடாவில் இரண்டு முறை எழுதியது. முதல் பிரதியில் பிழை இருந்தால் இரண்டாவதை வைத்துத் திருத்திக்கொள்ளும். டேப்பிலிருந்து லோட் ஆக அவ்வளவு நேரம் ஏன் எடுத்தது என்று சின்ன வயதில் எரிச்சல்பட்டோமே, காரணங்களில் இதுவும் ஒன்று. அன்றைக்கு நம் பொறுமையைச் சோதித்த அதே தாமதம்தான் இன்றைக்கு அந்த நாடாக்களை மீட்டெடுக்க உதவுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். மலிவான வீட்டுக் கேசட்டை நம்பக் கூடாது என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நம்பித்தான் சிறுவர்கள் வேலை செய்யப் போகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது.

மீட்டெடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட் பிளேயர் வேண்டும். பழைய பிளேயரை அப்படியே நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும். பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாடாவைப் பிளே செய்யாமல், ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். பிறகு பிளேயரின் வெளியீட்டை லேப்டாப்பில் செருகி, சாதாரண ஒலிப்பதிவாக எடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதி எதுவும் இயங்கக் கூடாது. நமக்கு அந்த இரைச்சல்தான் டேட்டா. அந்த ஒலிக்கோப்பை ப்ரோக்ராமாக மாற்றித்தர இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சரியாக வரவில்லையா, பிளேயரின் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் பதியுங்கள். பதிவு செய்த பிளேயரின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணம் அமைந்தால்தான் டேட்டா பிழையில்லாமல் வரும்.

முதல் முறை பிளே செய்யும்போதே பதிவு செய்துவிடுங்கள். சும்மா ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று பிளே செய்வதே சில நாடாக்களுக்குக் கடைசி ஓட்டமாகிவிடும். ப்ரோக்ராம் கிடைத்துவிட்டது என்று மூல ஒலிக்கோப்பை அழிக்கவும் வேண்டாம். என் கேசட் ஒன்றில் ப்ரோக்ராமின் கீச்சுச் சத்தம் முடிந்த இடத்துக்கு அப்பால், பாதி வாக்கியத்தில் தொடங்கி அக்காவின் குரல் இருந்தது. பள்ளிப் பாடம் எதையோ ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். அவள் பதிவு செய்து வைத்திருந்ததன் மேல் நான் ப்ரோக்ராமை ஸேவ் செய்திருக்கிறேன், ப்ரோக்ராம் சின்னது, அதனால் மிச்சம் பிழைத்திருக்கிறது. டேட்டாவைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கு அது வெறும் குப்பை. அதனால்தான் சொல்கிறேன், ஒலியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அக்கா இல்லாமல் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ப்ரோக்ராம் அச்சிடுவார்கள், பாதிக்கு மேல் வெறும் எண்கள். அவள் வாசிப்பாள், நான் தட்டுவேன். ஓர் எண் தவறினால் மொத்தமும் உறைந்து நின்றுவிடும். பிறகு வரிவரியாகத் தேடல். இன்றைக்கு ப்ரோக்ராமிங் சொல்லிக்கொடுப்பவர்கள் பிழை தேடும் பொறுமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதை நாங்கள் தரையில் உட்கார்ந்து, பெரியவர் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டோம்.

சரி, டேப் பத்திரமாகிவிட்டது. பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டு, அதில் ஓட்டிக்கொள்ளலாம். அப்புறம் அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கமடோர் இயந்திரங்களுக்கான வைஸ் என்ற எமுலேட்டர் அருமையானது, பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் மெருகேற்றிய வேலை, நானே அடிக்கடி பயன்படுத்துகிறேன். ப்ரோக்ராம்கள் தலைமுறை தாண்டி நிற்கப் போவது எமுலேட்டர்களால்தான், இயந்திரங்களால் அல்ல. இதை இயந்திரப் பிரியர்கள் மனமார ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தும் பெட்டியை வைத்திருக்கச் சொல்கிறேன். கமடோர் 64இல் இசைக்கென்று ஒரு சிப் இருக்கிறது, பெயர் சிட். வடிவமைத்தவர் பாப் யானஸ். ஒரே நேரத்தில் மூன்று குரல்களில் ஒலிக்கும், அதோடு ஒலியை வடிகட்டும் அனலாக் ஃபில்டர் ஒன்றும் அதற்குள் உண்டு. 6581 என்ற அந்த முதல் வகையில் ஃபில்டர் எல்லாச் சிப்பிலும் ஒன்றுபோல அமையவில்லை. தயாரிப்பில் ஏற்பட்ட சிறு வேறுபாடுகளால் ஒரே பாட்டு ஒரு வீட்டில் கொஞ்சம் மந்தமாகவும் இன்னொரு வீட்டில் கூர்மையாகவும் கேட்டது. எமுலேட்டர் தருவது பொதுவான ஒரு சிட்டை. நான் கேட்டு வளர்ந்தது என் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட சிப்பை. 1 கோடிக்கு மேல் செய்தார்கள் என்று மேலே சொன்னேனே, அத்தனையிலும் இந்த ஒலி இதில் மட்டும்தான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. அது ஒரு சிறுவன் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் சில நொடிகளில் நீலத் திரை, 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்ற வரி, அதன் கீழே கண்சிமிட்டும் கர்சர். அவ்வளவுதான். கடவுச்சொல் இல்லை, அப்டேட் இல்லை, ஏற்றுக்கொள்ள வேண்டிய நிபந்தனை எதுவும் இல்லை. போக் என்பது நினைவகத்தில் ஒரு முகவரியில் ஒரு எண்ணை எழுதும் கட்டளை. போக் 53280, 0 என்று அடித்தால் திரையின் ஓரம் கறுப்பாகிறது. 53281 என்று மாற்றினால் நடுப்பகுதி கறுக்கிறது. நினைவகத்தில் மொத்தம் 65,536 முகவரிகள். எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடம், அது ஒரு புத்தகத்துக்குள் அடங்கும். ஒரு எண்ணை எழுது, என்ன மாறுகிறது என்று பார். அதிகபட்சம் இயந்திரம் உறைந்து போகும், அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எதுவுமே நடக்காதது போல அதே நீலத் திரை. இப்படிப் பயமில்லாமல் நோண்டவிட்ட பொருள் என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை. இன்று கையில் இருக்கும் ஃபோன் அதைவிட எத்தனையோ மடங்கு வேகமானது, ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கும் முழுசாகத் தெரியாது, என் பிள்ளைக்கும் தெரியப் போவதில்லை.

அதனால் அந்தப் பெட்டி ஓட வேண்டும். ஓடாமல் மூடிவைப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்கமாட்டேன். வெளியே எடுக்காத வரை என்ன கெட்டது என்றே தெரியாது.

ஆனால் ஆசையில் எடுத்தவுடன் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். கமடோர் 64இன் பழைய பவர் அடாப்டர் பசை ஊற்றி மூடிய கட்டி. அது வயதாகிக் கெடும்போது 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் அதிகமாகக் கொடுக்கத் தொடங்கும், ரேம் சிப்கள் கருகிவிடும். மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது நல்லதுதான், ஆனால் இன்று சரியாகக் காட்டியது நாளை ஏறலாம். என் ஆலோசனை, அந்த அடாப்டரை நினைவுக்காக வைத்துக்கொண்டு, புதிதாகச் செய்த ஒன்றை வாங்கிப் பயன்படுத்துவது. பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள கெபாசிட்டர்கள் காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுவிட்சைப் போட்டதும் நாற்றத்தோடு புகைவிடும். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிடலாம். ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறக்கும்போது கவனம்: கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், லேசாக இழுத்தாலே முறியும். புதிய பட்டை இன்றும் செய்து விற்கிறார்கள் என்பதால் முறிந்தாலும் கவலைப்படாதீர்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது பேட்டரி. அமிகா 2000, அமிகா 500 பிளஸ் போன்றவற்றில் கடிகாரத்துக்காக போர்டிலேயே ஒரு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்தால் அதன் காரம் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். அணைத்து வைத்திருந்தாலும் தின்னும். இந்தப் பதிவை முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், போய்த் திறந்து பாருங்கள். சால்டரிங் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒளியும் வெப்பமும் காற்றும் சேர்ந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அப்படி ஆக்குகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்க வைக்கும் முறை ஒன்று பிரபலம். வேலை செய்கிறது, ஆனால் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்ப வரும். சரியாகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாகிவிடும். நான் செய்யமாட்டேன். என் பெட்டியின் நிறம் மாறியது நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். அதைக் கடையில் இருந்த நிறத்துக்குத் திருப்புவதில் எனக்கு ஆர்வம் இல்லை. விற்க நினைப்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

கெட்டுப்போன சிப்பை மாற்றினால் அது அதே கம்ப்யூட்டர்தானா என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். மாற்றுங்கள். பழைய சிப்பை ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த ஆண்டு எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதிப் பெட்டியோடு வையுங்கள். அந்த உறையோடு ஒரு தாளும் இருக்கட்டும்: எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது, எந்த அடாப்டரைச் செருகலாம், எதைச் செருகவே கூடாது. நாம் இல்லாத ஒரு நாளில் அதைத் திறப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பெட்டியைப் பிள்ளைகளிடம் விடுங்கள், தட்டட்டும். கீ ஒன்று உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கேசட் வைத்திருக்கிறேன், ஆனால் ஓட்டிப் பார்க்க பிளேயர் இல்லை, பயமாக இருக்கிறது என்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். என்னிடம் பெல்ட் மாற்றிய, ஹெட் சரிசெய்த பிளேயர் இருக்கிறது. காசு எதுவும் வேண்டாம். ஒலிக்கோப்பும் ப்ரோக்ராமும் இரண்டையும் எடுத்துத் தருகிறேன், கேசட்டையும் திருப்பித் தந்துவிடுவேன். பதிவு மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள், இரண்டாவது பிரதி பிழைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது.