கடையில் பிறந்த பாட்டுக்குக் கல்லறை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடந்தது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். பேசியவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் 'இன் த ஸ்வீட் பை அண்ட் பை' என்ற, பரலோகத்தைப் பற்றிய ஆங்கிலப் பாட்டைப் பாடி முடித்த கையோடு, அதை எழுதியவர் தம் ஒரே மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் பரலோகத்தைத் தரிசனமாகக் கண்டு எழுதினார் என்று அவர் குரல் தழுதழுக்கச் சொன்னதையும், சபை முழுவதும் 'ஆமென்' போட்டதையும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டு மருந்துக்கடையில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எல்க்ஹார்ன் என்ற ஊரில், சான்ஃபோர்டு ஃபில்மோர் பென்னட் நடத்திவந்த கடை அது. அவருடைய நண்பர் ஜோசப் வெப்ஸ்டர் இசையமைப்பாளர். அடிக்கடி மனச்சோர்வில் மூழ்கிவிடும் சுபாவம். ஒருநாள் கடைக்குள் வந்தவர் ஒன்றும் பேசாமல் கணப்படுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்ன விஷயம் என்று பென்னட் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, போகப்போக ('பை அண்ட் பை') சரியாகிவிடும் என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பென்னட் மூன்று சரணங்களையும் பல்லவியையும் எழுதி நீட்ட, வெப்ஸ்டர் முகம் தெளிந்து, வயலினைக் கேட்டு வாங்கி மெட்டமைக்க, அரை மணி நேரத்திற்குள் நான்கு பேர் அங்கேயே நின்று பாடிவிட்டார்கள். 1868இல் அது அச்சேறியது. கண்ணீர்தான் வேண்டுமென்றால் அதுவும் அங்கே உண்டு: கடைக்கு வந்த கிராஸ்பி என்பவர் அதைக் கேட்டுக் கண்கலங்கி, இந்தப் பாட்டுக்கு அழிவில்லை என்றாராம். இதற்கு மேல் ஒரு சவப்பெட்டி எதற்கு?

"நல்ல எண்ணத்தில் சொன்னதுதானே, நாலு பேர் மனந்திரும்பினால் போதாதா?" என்பீர்கள். பொய் சொல்லித்தான் மனந்திருப்ப வேண்டும் என்ற நிலை சுவிசேஷத்துக்கு எப்போது வந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். பட்டினி கிடப்பவனுக்குப் பரலோகத்தைக் காட்டி வாயடைக்கும் பாட்டு இது என்பார்கள். 1911இல் தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில் இதே மெட்டில் அதைத்தான் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலில் நியாயம் இருக்கிறது; மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கூடப் பென்னட்டின் பிள்ளையைச் சாகடிக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்கிறவர்களுக்கு: என் அப்பா காலமெல்லாம் மருந்துக்கடையில் நின்றவர். பில் புத்தகத்தில் கார்பன் தாளுக்கு அடியில் இருக்கும் தாளைத் திருப்பிக் கீர்த்தனை எழுதுவார். யாராவது சீட்டை நீட்டினால் பாதி வரியில் நிறுத்திவிட்டு மாத்திரை எண்ணுவார். அவற்றில் ஒன்றை ஆராதனையில் பாடலாமா என்று கேட்கப் போனபோது, கடைக்காரருக்குக் கல்லாப்பெட்டியில்தானே கண் என்று ஒரு பெரியவர் சிரித்தார். அப்பா மறுபடியும் கேட்கவே இல்லை. தரிசனம் கண்டேன் என்று கதை கட்டியிருந்தால் மேடை கிடைத்திருக்குமோ என்னவோ!

மருந்து விற்கிறவனுக்குப் பரலோகத்தைப் பற்றிப் பாட வராது என்று நினைப்பதால்தானே அவன் கடையை மூடிக் கல்லறைக்கு அனுப்புகிறீர்கள்? பென்னட் வெட்கப்படவில்லை. கடை, கணப்படுப்பு, அரை மணி நேரம் எல்லாவற்றையும் தாமே எழுதிக் கொடுத்தார். நற்செய்திப் பாடகர் ஐரா சாங்கி பாட்டுகளின் கதைகளைத் தொகுத்த நூலில் அது அப்படியே இருக்கிறது. என் விசுவாசத்தை எடைபோட வருகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும்.