சத்தத்துக்காக இல்லை

"அனலாக் சின்தசைசரின் கதகதப்பு கம்ப்யூட்டரில் வராது" என்று யாராவது ஆரம்பித்தால் நான் மெல்ல நழுவிவிடுவேன். இத்தனைக்கும் பள்ளியில் படிக்கும்போதே மின்சாரத்தால் சத்தத்தை உருவாக்கும் இந்தப் பழைய கீபோர்டு பெட்டிகள் மேல் பைத்தியம் பிடித்தவன், இன்னும் தெளியவில்லை. ஆனால் டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டில் எது நிஜ ரோலண்ட் ஜூனோ-106, எது அதன் சாப்ட்வேர் நகல் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. முடியும் என்று சத்தியம் செய்கிறவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எனக்குப் பிடித்தது ஜூனோவின் முகப்பு. 1984இல் வந்த பெட்டி. சத்தம் பிறக்கும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் பில்டர், அது எழுந்து அடங்கும் விதத்தைச் சொல்லும் என்வலப், கடைசியில் ஒன்றைப் பலவாகக் காட்டும் கோரஸ் என்று இடமிருந்து வலமாக வரிசையாக ஸ்லைடர்கள், ஒன்றுக்கு ஒரு வேலைதான், மெனு கினு எதுவும் கிடையாது. பில்டரைக் கீழே இழுத்தால் சத்தம் போர்வைக்குள் புகுந்துகொள்ளும், மேலே தள்ளினால் பளிச்சென்று வெளியே வரும், பக்கத்தில் இருக்கும் ரெசனன்ஸையும் முழுசாக ஏற்றிவிட்டால் கீயைத் தொட்டதும் விசிலடிக்கும். சத்தம் எழ எடுக்கும் நேரமான அட்டாக்கைக் கொஞ்சம் கூட்டி கோரஸ் பட்டனையும் தட்டினால், ஒரு ஆஸிலேட்டரை வைத்துக்கொண்டு வயலின் கூட்டமே வந்த மாதிரி ஒரு பாவனை. சத்தம் எப்படி உருவாகிறது என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, இந்த ஸ்லைடர்கள்தான் சொல்லித்தந்தன.

யமஹா டிஎக்ஸ்7 இதற்கு நேர் எதிர். ஸ்டான்போர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையை (ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டிச் சத்தம் உண்டாக்குவது) வைத்து 1983இல் வந்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. மூளை அபாரம்தான். ஆனால் அலை எழுப்பும் ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம் அத்தனையையும் இரண்டு வரித் திரையைப் பார்த்துக்கொண்டு, பட்டன் பட்டனாக அழுத்தி, ஒரே ஒரு ஸ்லைடரால் திருத்த வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ மாதிரி சிலர் மெனக்கெட்டார்கள். மற்றவர்கள் கூடவே வந்த எலெக்ட்ரிக் பியானோவை அப்படியே வாசித்துவிட்டுப் போனதில், எண்பதுகளின் ஆங்கிலக் காதல் பாட்டுகளில் பாதி ஒரே வீட்டில் ரெக்கார்ட் செய்தது போல இருக்கும்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குமிழ் இருந்தால் மனிதன் திருகிப் பார்க்காமல் விடமாட்டான். 1982இல் மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டின் ஜூபிட்டர்-8 சின்தசைசர், டிபி-303 பேஸ் மெஷின், டிஆர்-808 டிரம் மெஷின் மூன்றையும் இணைத்து டிஸ்கோ தாளத்தில் ராகங்கள் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அப்போது சீண்ட ஆளில்லை. 2010இல் அதை மறுபடி வெளியிட்டபோதுதான், சிகாகோவில் இதே 303இன் நெளியும் சத்தத்தை வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறப்பதற்கு முன்பே இப்படி ஒரு சத்தமா என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இப்போது இதையெல்லாம் லட்சக்கணக்கில் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. வாசிக்காதவனுக்கு எதற்கு சார் ஸ்லைடர்?

வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று. ஜூனோ-106இல் ஒரே நேரத்தில் ஆறு நோட்டு ஒலிக்கும், அந்த ஆறு 'குரலுக்கும்' தனித்தனி சிப், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிசின் பூச்சு. வயதாக ஆக அந்தப் பூச்சே சிப்பைக் கெடுக்கும், நடுநடுவே ஒரு நோட்டு ஊமையாகும் அல்லது கரகரக்கும். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் டெஸ்ட் மோடு வரும், ஒவ்வொரு நோட்டுக்கும் எந்தக் குரல் பேசுகிறது என்று எண் காட்டும். ஆறும் ஒழுங்காகப் பேசினால் அப்புறம் விலை பேசுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் 100 வோல்ட், நம்ம ஊர் பிளக்கில் நேராகச் செருகித் தொலைக்காதீர்கள்.