ஓட்டுநர் எம்.சி.யில் இருக்கிறார்

தாத்தா: டீச்சர், பயிற்சித் தாளில் ‘ரயிலை ஓட்டுபவர் யார்?’ என்ற கேள்விக்குப் பேரன் ‘யாரும் இல்லை’ என்று எழுதினான். தப்பு போட்டுவிட்டீர்கள்.

டீச்சர்: ‘ஓட்டுநர்’ என்று எழுத வேண்டும், ஐயா. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் எப்படி?

தாத்தா: வார்த்தை தெரியும். அந்த ரயிலில் ஓட்டுநர்தான் இல்லை.

டீச்சர்: ஐயோ! எப்போது?

தாத்தா: எப்போது என்றால்? நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளைக்கும் இருக்க மாட்டார்.

டீச்சர்: மூன்று நாள் எம்.சி.யா, மருத்துவ விடுப்பா? மாற்று ஆள் போடவில்லையா?

தாத்தா: 1998-இல் கோலாலம்பூரில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் பாதை திறந்ததிலிருந்தே எம்.சி.தான்.

டீச்சர்: இருபது வருஷத்துக்கு மேலேயா! நாங்கள் இரண்டு நாள் எடுத்தாலே தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பார்.

(டீச்சர் தினமும் கிள்ளானிலிருந்து காரில் வருகிறவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ரயிலில் போகிற பெரியவர்களே கைப்பேசியைத்தான் பார்க்கிறோம். முன்னால் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பது பிள்ளைகள் மட்டும்தான்.)

தாத்தா: டீச்சர், அது தானாக ஓடுகிற ரயில். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கணினி பார்த்துக்கொள்கிறது. முன்னால் ஓட்டுநர் அறையே கிடையாது.

டீச்சர்: கொமூட்டர் ரயிலில் பார்த்திருக்கிறேனே?

தாத்தா: கொமூட்டரில் உண்டு. மோனோரயிலிலும் உண்டு. தாளில் இருப்பது எல்.ஆர்.டி. படம். அதுவும் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வெயிலில் ஓடுகிறது. அந்த இடத்தில் அது நிலத்துக்கு அடியில் போகிறது. சரி, அதை விட்டுவிடுகிறேன்.

டீச்சர்: ஆனால் விடைப்பட்டியலில் ஓட்டுநர் இருக்கிறார், ஐயா.

தாத்தா: அதில் இருக்கிறார். ரயிலில்தான் இல்லை.

டீச்சர்: 2016-இல் வந்ததே எம்.ஆர்.டி. ரயில், அதிலாவது...

தாத்தா: அவரும் எம்.சி.

(விடைப்பட்டியல் எழுதுகிறவர்கள் எதில் வேலைக்குப் போகிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.)

டீச்சர்: சரி, திருத்தி எழுதச் சொன்னேன். என்ன எழுதினான், பாருங்கள். ‘நான்’.

தாத்தா: இது இன்னும் சரி. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ஏறியதும் முன் கண்ணாடிக்கு ஓடிவிடுவான். பாசார் செனி தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது லைட் போடுவான். மஸ்ஜிட் ஜாமெக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் பிடிப்பான். இதுவரை ஒரு நிலையத்தைக்கூடத் தாண்டிப் போனதில்லை. எம்.சி.யும் எடுத்ததில்லை.

டீச்சர்: அப்படியே இதையும் பாருங்கள். ‘பள்ளிக்கு எதில் வருகிறாய்?’ மாட்டு வண்டிக்கு டிக் அடித்திருக்கிறான்!

தாத்தா: நாலு படம் கொடுத்திருக்கிறீர்கள். மகிழுந்து, மிதிவண்டி, பேருந்து, மாட்டு வண்டி. பிள்ளை வருவதோ வேனில். இங்கே பாதி வகுப்பு வேனில்தான் வருகிறது, தாளில் வேன் இல்லை. காலையில் துன் சம்பந்தன் சாலையில் எங்கள் வேன் போகிற வேகத்துக்கு எது பொருந்தும் என்று யோசித்திருக்கிறான்.

டீச்சர்: மகிழுந்து போட்டிருக்கலாமே?

தாத்தா: வீட்டில் அதற்குக் காடி என்று பேர். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மகிழுந்து. அந்த நெரிசலில் மகிழ்கிற ஆள் ஒருவரையும் அவன் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டீச்சர்: ஐயா ரயில்வேயில் இருந்தீர்களா? இவ்வளவு விவரம் சொல்கிறீர்களே.

தாத்தா: நான் இல்லை, என் அப்பா. தண்டவாளக் கேங்கில் வேலை. நான் பிறந்ததே பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். மாட்டு வண்டிக்குப் படம் போட்டிருக்கிறீர்கள், டீச்சர். கட்டை சுமந்து தண்டவாளம் போட்டவர்களுக்கு ஒரு கோடிட்ட இடம்கூட இல்லை. இல்லாத ஓட்டுநருக்கு ஒரு மதிப்பெண்.

டீச்சர்: ...

தாத்தா: உங்களைச் சொல்லவில்லை, டீச்சர். தாளைச் சொன்னேன்.

டீச்சர்: இல்லை ஐயா, ஒன்று செய்கிறேன். பிள்ளைகளை ஒரு நாள் அதிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுகிறேன். இதோ, படிவம்கூட இருக்கிறது. தேதி, இடம், மாணவர் எண்ணிக்கை... ஐயா.

தாத்தா: என்ன?

டீச்சர்: ‘வாகன ஓட்டுநர் பெயர்’ என்று கேட்கிறது. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாத்தா: என் பேரன் பேரை எழுதுங்கள். லைசென்ஸ் எண் கேட்டால் அவன் மைகிட் எண்ணை, அதுதான் பிள்ளைகளுக்கான அடையாள அட்டை எண்ணை, தருகிறேன்.