அருஷாவைப் பார்க்காமல் ஒன்றியம் பேச வேண்டாம்

அண்டை நாடுகள் ஒன்றியமாகச் சேர்வது பற்றி யார் பேசினாலும் ஐரோப்பிய ஒன்றியம்தான் உதாரணமாக வந்து நிற்கிறது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் ஏன் படுத்துவிட்டது என்று கேட்கிறவர்களும் பிரஸ்ஸல்ஸைக் காட்டியே கேட்கிறார்கள். நாம் பார்க்க வேண்டிய ஊர், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற ஒன்றியத்தின் தலைமையகமான தான்சானியாவின் அருஷா என்பது என் உறுதியான கருத்து. கையில் காசு குறைந்த, எல்லைகளை வெள்ளைக்காரன் கிழித்துப் போட்ட நாடுகள் சேர்ந்து, உடைந்து, மறுபடி சேர்ந்த கதை அங்கேதான் இருக்கிறது.

கென்யாவும் உகாண்டாவும் 1917லேயே ஒரே சுங்க எல்லைக்குள் வந்துவிட்டன. பத்தாண்டுகளில் தாங்கன்யிக்காவும் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) சேர்ந்தது. விடுதலை கிடைத்தபோது மூன்று நாடுகளுக்கும் பொதுவாக ஷில்லிங் நாணயம், ரயில்வே, துறைமுகம், தபால், விமான சேவை, வருமான வரித்துறை எல்லாம் இருந்தன. அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தையில்கூட இவ்வளவு கிடையாது. 1963 ஜூனில் கென்யாவின் தலைவர் கென்யாட்டா, தாங்கன்யிக்காவின் நியரேரே, உகாண்டாவின் ஒபோட்டே மூவரும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரே கூட்டாட்சி ஆகிவிடுவோம் என்று நைரோபியில் அறிவித்தார்கள். ஆகவில்லை. 1966இல் பொது நாணயமும் போய், ஆளுக்கொரு மத்திய வங்கி வந்தது.

காரணத்தைத் தலைவர்களின் குணத்தில் மட்டும் தேடுவது தவறு. தொழிற்சாலைகள் நைரோபியைச் சுற்றியே குவிந்திருந்தன. பொதுச் சந்தையில் சோப்பும் துணியும் அங்கிருந்து மற்ற இரண்டு நாடுகளுக்கும் வரியில்லாமல் போயின. வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் சுங்க வருமானம் அந்த இரண்டு நாடுகளுக்கும் நஷ்டம். ஆலை வேலையோ கென்யாவுக்கு. எந்த ஆலை எந்த நாட்டுக்கு என்று 1964இல் கம்பாலாவில் பங்கு பிரித்தார்கள். கென்யா அதற்கு ஒப்புதல் தரவில்லை. அந்தப் பங்கீட்டில் டயர் ஆலை தாங்கன்யிக்காவுக்கு என்று இருந்தது. கடைசியில் அருஷாவில் ஒன்று, நைரோபியில் ஒன்று என இரண்டு எழுந்தன.

1967 ஜூன் 6இல் கையெழுத்தாகி, கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை உருவாக்கிய ஒப்பந்தம் இந்தப் புண்ணுக்கு மருந்து போடப் பார்த்தது. அதில் இரண்டு ஏற்பாடுகள் முக்கியம்.

முதலாவது, மாற்று வரி. ஆலைப் பொருள் வணிகத்தில் பற்றாக்குறை உள்ள நாடு, தன் கூட்டாளி நாட்டின் பொருளுக்கே வரி போடலாம். உச்ச அளவு, வெளிநாட்டுச் சரக்குக்கான சுங்கத்தில் பாதி. அதாவது சோப்புக்குச் சுங்கம் 30 சதவீதம் என்றால் கென்ய சோப்புக்கு உகாண்டா 15 சதவீதம் வரை போடலாம். ஒரு வரிக்கு ஆயுள் 8 ஆண்டு. அந்தப் பொருளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல எண்ணம்தான். ஆனால் எதையாவது உள்ளூரில் செய்தால்தான் வரி போட முடியும் என்றானதும், ஒரே பொருளுக்கு மூன்று நாட்டிலும் சின்னச் சின்ன ஆலைகள் வைக்கும் ஆசை வளர்ந்தது. பொதுச் சந்தையின் பயனே பெரிய ஆலை, குறைந்த அடக்கவிலை என்பதுதான். அது அங்கே அடிபட்டது.

இரண்டாவது, கம்பாலாவில் வைத்த வளர்ச்சி வங்கி. மூலதனத்தை மூன்று நாடுகளும் சமமாகப் போட்டன. கடனில் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் தலா 38.75 சதவீதம், கென்யாவுக்கு 22.5. இதை நான் மனதாரப் பாராட்டுவேன். கூடுதல் லாபம் பெறும் நாடு குறைவாக எடுத்துக்கொள்ளட்டும் என்று எண் போட்டு எழுதிய துணிச்சல் அது. 1977இல் சமூகம் உடைந்த பின்னும் அந்த வங்கி மூடப்படவில்லை, இன்றும் இயங்குகிறது.

அடித்தளத்தில் இருந்த வெடிப்பு வேறு. எல்லா முடிவும் மூன்று ஜனாதிபதிகளின் சபைக்குப் போக வேண்டும், மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1971 ஜனவரி 25இல் உகாண்டாவின் ராணுவத் தளபதி இடி அமீன் ஒபோட்டேயைக் கவிழ்த்தார். அமீனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்றார் நியரேரே. அதன்பின் அந்தச் சபை கூடவே இல்லை. நியரேரேயின் அறச்சீற்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் எழுந்து போனால் மொத்தமும் நிற்கும்படி விதி எழுதியதே குற்றம். 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் சார்க் உச்சி மாநாடு கூடாததற்கும் இதே ஒருமித்த முடிவு விதிதான் வழிவிட்டது.

மேலே முடிவெடுக்க ஆளில்லாதபோது கீழே பணம் நின்றது. ரயில்வே தலைமையகம் நைரோபியில், துறைமுகத் தலைமையகம் தார் எஸ் சலாமில், தபால் கம்பாலாவில். ஒவ்வொரு நாடும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டைக் காட்டி, தன் எல்லையில் வசூலான கட்டணத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பாமல் பிடித்து வைத்தது. உதிரிபாகம் வாங்கக் காசில்லை, ரயில் பெட்டிகளை அவரவர் பக்கமே நிறுத்திக்கொண்டார்கள். 1977 தொடக்கத்தில் பொது விமான சேவை நின்றது. கென்யா ஜனவரியிலேயே தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. சமூகம் உடைந்தது. எல்லை திறக்க 1983 ஆயிற்று. சொத்தையும் கடனையும் பிரிக்கும் ஒப்பந்தம் 1984 மே மாதம்தான் கையெழுத்தானது. பாவம், பொது நிறுவனங்களில் உழைத்தவர்கள். தான்சானியாவில் அவர்களுடைய ஓய்வூதிய வழக்கு 2000க்குப் பிறகும் இழுத்தது.

1999இல் சமூகத்தை மறுபடி தொடங்க ஒப்பந்தம் போட்டபோது சில பாடங்களைக் கற்றிருந்தார்கள். 2005இல் சுங்க ஒன்றியம் தொடங்கியபோது உகாண்டா, தான்சானியா சரக்கு கென்யாவுக்குள் உடனே வரியின்றி நுழைந்தது. எதிர்த்திசையில் வந்த கென்யச் சரக்கில் குறிப்பிட்ட பொருட்களுக்கு மட்டும் வரி வைத்து, ஆண்டுதோறும் குறைத்து, 2010இல் பூஜ்யமாக்கினார்கள். பழைய மாற்று வரியைவிட இது எவ்வளவோ மேல்: முடியும் தேதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், ஆலை வைத்தால்தான் சலுகை என்ற தூண்டுதலும் இல்லை.

கற்காத பாடங்களும் உண்டு. உச்சி மாநாட்டில் இன்றும் ஒருமித்த முடிவுதான். வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடும் ஒரே அளவில் போடும் பொதுச் சுங்க வீதம் என்று ஒன்று இருந்தாலும், ஆண்டுதோறும் பட்ஜெட் நேரத்தில் ஒவ்வொரு நாடும் தனக்கு விலக்குக் கேட்டு வரிசையில் நிற்கிறது. பழைய மூன்றோடு ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடானும் பின்னால் சேர்ந்தன. சமூகத்தின் செலவுக்கு எல்லா உறுப்பினரும் சம பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிவைத்தது. புருண்டியும் கென்யாவும் ஒரே தொகை! பாக்கி சேராமல் என்ன செய்யும்? தெற்கு சூடானின் நிலுவை வெகுகாலப் பிரச்சினை. பொருளாதார அளவுக்கு ஏற்பப் பங்கு என்பதுதான் நியாயம்.

இதற்கிடையில் 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசையும் 2024இல் சோமாலியாவையும் சேர்த்து எட்டு நாடுகள் ஆக்கிவிட்டார்கள். காங்கோவின் கிழக்கே நடக்கும் மோதலில் இன்னொரு உறுப்பினரான ருவாண்டாவின் பங்கு பற்றிய சண்டை தீரவில்லை. அகலத்தை விரித்துக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே பொது நாணயத் திட்டமும் நடக்கிறது. முதலில் சொன்ன 2024 தவறி, இப்போது 2031 என்கிறார்கள். அதற்கான நிபந்தனைகளில் சில: பணவீக்கம் 8 சதவீதத்துக்குள், வெளியிலிருந்து வரும் உதவி மானியத்தையும் வரவாகச் சேர்த்துக் கணக்கிட்ட நிதிப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், நாலரை மாத இறக்குமதிக்குச் செலாவணிக் கையிருப்பு. இவற்றைத் தொட்டால் மட்டும் போதாது, மூன்றாண்டு தொடர்ந்து காப்பாற்றிய பிறகே நாணயத்தில் சேர முடியும். அப்படியானால் உண்மையான கெடு 2028.