மெதுவாக நடந்தால் களைக்காதா?

"நல்லாத்தானே நடந்துட்டு இருந்தீங்க, இப்போ எதுக்கு வீல்சேர்?" போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சிரித்து மழுப்பினேன். இங்கே கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

சிறு வயதிலிருந்தே என் வலது காலில் கேலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம். நிற்கும்போதும் நடக்கும்போதும் முழங்கால் பூட்டியே இருக்கும். மடங்காத கால் தரையில் இடிக்காமல் முன்னால் வர வேண்டுமென்றால், இடுப்பைத் தூக்கிக் காலை அரைவட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இதேதான். உங்கள் நடை ஊசல் மாதிரி. உடல் மேலே எழும்பும்போது சேர்கிற ஆற்றலில் பாதிக்கு மேல் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். எனக்கு அந்த மிச்சம் குறைவு. அடிக்கு அடி கைக்காசு போட்டுத்தான் நடக்கிறேன்.

"மெதுவாப் போங்க, களைப்பே தெரியாது" என்பார்கள். நானாக விரும்பியா மெதுவாகப் போகிறேன்? வேகத்தைக் குறைத்தால்தான் நிமிடத்துக்கு ஆகிற செலவு தாங்கும் அளவில் நிற்கும். ஆனால் அதே தூரத்துக்கு நிமிடங்கள் கூடிவிடுகின்றனவே! கால் அகற்றப்பட்டவர்களின் நடையை அளந்து வாட்டர்ஸ், பெர்ரி குழுவினர் 1976இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது: கால் எவ்வளவு மேலே அகற்றப்பட்டதோ, அவ்வளவு வேகம் குறைகிறது, மீட்டருக்கான செலவு ஏறுகிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். நடக்கும்போதுள்ள நாடித்துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தோமோ அதால் வகுக்க வேண்டும். எனக்கு ஓய்வில் 72, நடக்கையில் 132, வேகம் 30 மீட்டர். ஆக மீட்டருக்கு 2 துடிப்பு கூடுதல். என் தம்பிக்கு அதே 72, நடந்தால் 100, வேகம் 80 மீட்டர். 0.35 வருகிறது. அவன் 100 மீட்டர் நடக்க 35 துடிப்பு கூடுதல், எனக்கு 200. எண்ணைப் பார்த்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது.)

ஊன்றுகோலும் சும்மா இல்லை. காலின் வேலையைச் சின்னத் தசைகள் உள்ள கைகள் செய்வதால் இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். சமதரையில் சக்கர நாற்காலியைத் தள்ளுவதோ, ஏறக்குறைய உங்கள் நடைக்கு ஆகும் செலவுதான். சரிவுப் பாதை, தடித்த கம்பளம் எல்லாம் வேறு கதை.

நாற்காலியில் உட்கார்ந்தால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று நானும் பல வருடம் நம்பியவன்தான். வேலைக்கு நடந்தே போய்ச் சேர்ந்து, முதல் அரை மணி நேரம் சட்டை காயும்வரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது வந்ததும் பேசுகிறேன். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரர் புகார்.