வாசா ஒன்றும் மரக்கட்டை இல்லை

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனில் மியூசியத்தில் இருக்கிற வாசா என்ற பழைய போர்க்கப்பலுக்கு எதிரில் ஒருவர் நின்றுகொண்டு, "ஒரு பழைய மரக்கட்டைக்கு இவ்வளவு பெரிய மியூசியமா? விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டினால் வீட்டிலேயே பார்க்கலாமே" என்று சிரிக்கிறார். அவர் சிரித்ததுகூடப் பரவாயில்லை. எனக்குத் தெரிந்தவர்களே அதற்கு இதயம் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

1628-ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில், முதல் பயணத்திலேயே சுமார் 1300 மீட்டர் போய்க் கவிழ்ந்த கப்பல் அது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் 1961-ல் அதை முழுசாகத் தூக்க முடிந்தது. தூக்கினால் போதுமா? காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும். அதைத் தடுக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற ரசாயனத்தின் கரைசலை 17 வருடம் தெளித்தார்கள். ஒரு தலைமுறையின் உழைப்பு. மூழ்கியவர்களின் எலும்புகளும் செருப்புகளும் அதோடு கிடைத்தன. இதுவா மரக்கட்டை?

விஆரை நான் எதிர்க்கவில்லை. போக முடியாதவர்களுக்கு அது நல்லது. ஆனால் அசல் கப்பல் இருந்தால்தானே அதை அளந்து, படம் எடுத்து, விஆரே செய்ய முடியும்?

என் அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். வீட்டில் அந்த வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை. விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலை 2002 முதல் மியூசியமாக வைத்திருக்கிறார்களே, அங்கே கூட்டிப்போனேன். குனிந்து நுழைகிற வட்டக் கதவு, தலையில் இடிக்கிற குழாய்கள். ஒரு வால்வு சக்கரத்தின் மேல் கை வைத்தவர், அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார். சூடு, சத்தம், தூங்காத ராத்திரிகள் என்று எல்லாம் வந்தது. பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லியும் நகரவில்லை. எந்தக் கண்ணாடி மாட்டியிருந்தால் அவர் பேசியிருப்பார்?

"சோத்துக்கே வழியில்லாத நாட்டில் கப்பலுக்குச் செலவா?" என்று இப்போதே ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். சரி, ஐயா. செலவைக் காரணம் காட்டித்தான் பழைய ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலை உடைத்தோம். 1971 வங்கதேசப் போரில் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய விமானங்கள் அந்தத் தளத்திலிருந்துதான் பறந்தன. 1997-ல் ஓய்வு, அப்புறம் 2012 வரை மும்பையில் மியூசியம், 2014-ல் பழைய இரும்பு. அதில் கொஞ்சத்தை உருக்கி பைக்கில் சேர்த்து விற்றார்கள். மிச்சமான பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டோம்? யாராவது கணக்குக் காட்டுங்கள். அந்தக் கப்பலில் வாழ்க்கையைக் கழித்தவர்கள், பேரப்பிள்ளையை எங்கே கூட்டிப்போய் "நான் இங்கேதான் நின்றேன்" என்று காட்டுவார்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. விசாகப்பட்டினம் போகிறவர்கள் கப்பலுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். வழிகாட்டுகிறவர்களிடம் நின்று நாலு கேள்வி கேளுங்கள்.